தோளில் போடத் தோதான சைக்கிள்

போன ஐப்பசியில் ஒரு காலை மகேஸ்வரி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றுவந்த கால்நடைக் கிளை நிலையத்தில் இப்போது ஆய்வாளராக இருக்கும் பெண். எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, ஸ்கூட்டர் காலை வாரிட்டு" என்றாள்.

"ஒனக்கு அடி கிடி பட்டிருக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. வண்டிதான் ஓடைப் பக்கம் சகதில புதைஞ்சு நிக்கி. நாலு பேரு சேந்து தள்ளியும் அசைய மாட்டேங்குது. பேசாம ஒங்கள மாதிரி ஒரு சைக்கிள் வாங்கிரலாம்னு பாக்குதேன். அடிக்கடி ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போவாம, மழை வெயில் எல்லாத்துக்கும் ஓடுத மாதிரி எது வாங்கட்டும்?"

கேள்வி சின்னதுதான். ஆனால் ஓய்வு பெற்றவளிடம் வாயைக் கொடுத்தால் பதில் சின்னதாக வருமா? சகதியில் நின்றுகொண்டு பாவம் அவள் எவ்வளவு நேரம் கேட்பாள் என்று, "தூக்கிப் பாத்து வாங்குட்டி" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவளுக்கு அது விளங்கியிருக்காது. எனக்கே விளங்க மூன்று சைக்கிள் தேவைப்பட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேருமுன் எங்களுக்குப் பயிற்சி உண்டு. ஊசி போட, புண் கட்ட, சினை ஊசி போட, சாணியைப் பார்த்து நோயைச் சொல்ல எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மாட்டிடம் எப்படிப் போய்ச் சேருவது என்பதை மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை. எனக்குக் கிடைத்த ஊர் கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் ரோட்டில் ஒரு விலக்கில் இறங்கி உள்ளே போக வேண்டும். அங்கிருந்து சுற்றியிருக்கும் சிற்றூர்களுக்கெல்லாம் வண்டிப்பாதைதான். முழுக்கக் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, கல்லு மாதிரி கிடக்கும் மண். நாலு தூறல் விழுந்தால் போதும், காலைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது.

மொபெட் ஓட்டத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் சகதியில் மாட்டிய மொபெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமே தவிர வேறொன்றும் செய்ய முடியாது. ஆகவே சைக்கிள் என்று முடிவு செய்து, கோவில்பட்டியில் சுடலைமுத்து அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

அண்ணாச்சி கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சைக்கிள் வேண்டும் என்று கேட்கமாட்டார். "செருப்பக் கழட்டிக் காட்டுங்க" என்பார். வாங்கி, ஜோசியர் கை பார்ப்பது போல அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என் செருப்பையும் பார்த்தார். "கரிசலு. ரோட்ட விட்டு ரொம்ப உள்ள போறீங்க. பாதை பூரா வேலிக்கருவை முள்ளு" என்றார். நான் அசந்துபோய் நின்றேன். இவ்வளவையும் கண்டுபிடித்துவிட்டு, அதற்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு சைக்கிளை என் தலையில் கட்டினார்.

அது ஒரு லேடீஸ் சைக்கிள். முன்னால் பூப்போட்ட கூடை. சங்கிலியை முழுக்க மூடும் தகரம். டயரை ஒட்டிப் பிடித்தாற்போல் பளபளக்கும் மட்கார்டு. "பொம்பளையாளு ஓட்டுத வண்டி பாக்க லட்சணமா இருக்கணும்லா?" என்றார். லட்சணமாகத்தான் இருந்தது. ஆவணி வரைக்கும் ராணி மாதிரி போய்வந்தேன்.

பிறகு மழை வந்தது. கரிசல் மண் ஒரு சைக்கிளை நிறுத்தும் விதத்தை அன்றைக்குத்தான் படிப்படியாகப் பார்த்தேன். முதலில் டயரில் ஒரு பூச்சு ஒட்டும். அந்தப் பூச்சில் காய்ந்த புல்லும் சருகும் ஒட்டும். அது சக்கரத்தோடு சுற்றி மேலே போய் மட்கார்டுக்குள் அடையும். இன்னும் கொஞ்சம் மிதித்தால் சக்கரம் நின்றுவிடும். அப்புறம் தள்ளினால் உருளாது, இழுத்தால் வழுக்கும். சங்கிலி கழன்று தகரத்துக்குள் மாட்டிக்கொண்டது. அதைத் திறக்க ஸ்குரூ டிரைவர் வேண்டும். என் பையில் விதவிதமாக ஊசிகள்தான் இருந்தன.

சரி, தூக்கிக்கொண்டு போவோம் என்றால் லேடீஸ் சைக்கிளில் நடுவே பார் கிடையாது. தோளை எங்கே கொடுப்பது? பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துப் பார்த்தேன். பெடல் முழங்காலில் குத்தியது. பக்கத்துக் காட்டில் நின்ற ஒரு பெரியவர் கையைத் தட்டிக் கூப்பிட்டு, "ஏம்மா, நீங்க சைக்கிள்மேல போறீங்களா, சைக்கிள் ஒங்கமேல போவுதா?" என்றார். 

அன்று தடுப்பூசி முகாமுக்குப் பிந்திப் போனேன். அங்கேதான் ஞானதுரை டாக்டரின் முறை எனக்கு முழுசாகப் புரிந்தது. எங்கள் கிளை நிலையத்துக்கு மேலே உள்ள மருந்தகத்தின் டாக்டர் அவர். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். யாரிடமும் நேராகவே பேச மாட்டார் என்றுகூடச் சொல்லலாம். சொல்ல வேண்டியது எதுவானாலும் கையில் பிடித்திருக்கும் ஆட்டிடமோ மாட்டிடமோ சொல்வார். அதுவும் மரியாதை குறையாமல்.

"மேடம் வந்துட்டாங்க பாருங்க" என்றார் ஒரு வெள்ளாட்டிடம். "நீங்க காலைலேர்ந்து நிக்கீங்க, கால் வலிக்கும். மனசுல வச்சுக்கிடாதீங்க."

ஆடு மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நான் வைத்துக்கொண்டேன்.

அடுத்தது கியர் சைக்கிள். கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி, அக்கா படும் பாட்டைக் கேட்டு வாங்கிக்கொடுத்தான். தடித்தடியாய் டயர், குலுங்காமல் இருக்க முன்னால் ஸ்பிரிங், கைப்பிடியில் திருகினால் கியர் மாறும். பார்ப்பதற்கு ஜம்மென்று இருந்தது. ஆனால் தடித்த டயர் சகதியையும் தாராளமாகவே அள்ளியது. கியரை மாற்றும் அந்த உறுப்பு பின்சக்கரத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அதில் புல்லும் சோளத்தட்டையும் சுற்றி ஒருநாள் முறுக்கிக்கொண்டது. அண்ணாச்சியிடம் கொண்டுபோனால், குனிந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கொடலு வெளிய தொங்குது?" என்றார். சாமான் மதுரையிலிருந்து வரவேண்டுமாம்.

அந்த வாரம் டாக்டர் ஒரு கன்றுக்குட்டியிடம் சொன்னார்: "மேடம் சைக்கிளுக்கு ஒடம்பு சரியில்லையாம். மதுரை வரைக்கும் போய்த்தான் வைத்தியம் பாக்கணுமாம். ஒங்களுக்குன்னா இங்கனயே பாத்துருவோம், கவலப்படாதீங்க."

முள்ளுக்குப் பயந்து நடுவில் காற்றே அடிக்க வேண்டாத கெட்டி டயரும் போட்டுப் பார்த்தேன். அண்ணாச்சியின் யோசனைதான். பஞ்சர் ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் வெயிலில் காய்ந்த கரிசல் கட்டிமேல் அந்த டயரோடு போய்ப் பாருங்கள். மருந்துப் பாட்டில்கள் ஒன்றையொன்று முட்டி உடைந்தன. என் முதுகும் அதே நிலைமைக்கு வரப் பார்த்ததால் கழற்றிவிட்டேன்.

மூன்றாம் முறை அண்ணாச்சி செருப்பைக் கேட்டபோது நான் கழற்றவில்லை. பால்காரர்கள் ஓட்டுவார்களே, பார் வைத்த பெரிய கறுப்பு சைக்கிள், அதைக் காட்டினேன்.

"அது ஆம்பளையாளு சைக்கிள்லா?"

"சகதிக்கு ஆம்பள பொம்பள தெரியுமா அண்ணாச்சி?"

கடைக்குள்ளேயே பாருக்குள் தோளை நுழைத்துத் தூக்கிப் பார்த்தேன். கனம்தான். ஆனால் பார் தோளில் பாந்தமாக உட்கார்ந்தது, கைக்கு ஹேண்டில்பார் எட்டியது, பெடல் எங்கேயும் குத்தவில்லை. மழைக்காலத்தில் எங்கள் பாதையில் பாதித் தூரம் சைக்கிள் நம்மைச் சுமக்கும், மீதித் தூரம் நாம் அதைச் சுமக்க வேண்டும். கடைக்காரர் எல்லோரும் ஓட்டிப் பார்க்கத்தான் சொல்வார்கள். ஒருவரும் சுமந்து பார்க்கச் சொல்வதில்லை.

பிறகு அண்ணாச்சியை அழவைத்தேன். இரண்டு மட்கார்டையும் கழற்றச் சொன்னேன். சங்கிலி மூடும் தகரத்தையும் கழற்றச் சொன்னேன். "மாப்பிளைக்கு வேட்டிய உருவுத மாதிரி இருக்கு" என்று புலம்பிக்கொண்டே கழற்றினார். பிரேக்குக்கு வயர் இல்லை, இரும்புக் கம்பிதான்; துருப்பிடித்தாலும் அறுந்துபோகாது. கியர் இல்லை. டயர் மெலிசு, அள்ளும் மண்ணும் கொஞ்சம். முள்ளுக்கு, தேய்ந்துபோன பழைய டயரின் ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு, புது டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைத்துத் தரச் சொன்னேன். சங்கிலி திறந்து கிடப்பதால் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டால் முடிந்தது. ஒட்டும் மண்ணைச் சுரண்ட, வீட்டில் தேய்ந்துபோன தோசைக்கரண்டி ஒன்றை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டேன். "டாக்டரம்மா தோசை சுடப் போறாங்க" என்று வழியெல்லாம் கேலி. நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர் என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மட்கார்டு இல்லாததற்கு ஒரு தண்டனை உண்டு. இடுப்பிலிருந்து கழுத்துவரை முதுகில் கறுப்பாக ஒரு சகதிக் கோடு விழும். அதைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. துணி துவைப்பது அவர் இல்லையே.

பார் வைத்த சைக்கிளில் சேலையோடு ஏற முடியாது. சுடிதார் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் போய் நின்றேன். அப்போதெல்லாம் அதற்கும் கேட்கத்தான் வேண்டியிருந்தது. அவர் சினைப் பரிசோதனைக்கு வந்த ஒரு கிடாரியின் முதுகைத் தடவிக்கொடுத்து, "மேடம் எந்த உடுப்புல வந்தாலும் ஒங்களுக்கு அடையாளம் தெரியும்லா?" என்று கேட்டார். கிடாரி வாலை ஆட்டியது. உத்தரவு கிடைத்துவிட்டது.

அந்தச் சைக்கிள் கடைசிவரை என்னோடு உழைத்தது. அதை வாங்கியது சரிதான் என்று எனக்கு நன்றாக உறைத்தது ஒரே ஒருநாள். நான் ஐம்பதைத் தாண்டியிருந்தேன்.

எங்கள் நிலையத்திலிருந்து ஓடையைத் தாண்டினால் வரும் சிற்றூரில் பேச்சியம்மாள் இருந்தாள். ஆடு மாடு மேய்க்கும் குடும்பம். கணவர் வெளியூரில் வேலைக்குப் போய் எப்போதாவது வருவார். கருப்பி, மயிலை, வெள்ளச்சி என்று மூன்று மாடுகள். அவள் வீடு நடந்ததே கருப்பியும் மயிலையும் தரும் பாலில்தான். வெள்ளச்சிக்குத் தலைச்சன் சினை, நான் போட்ட ஊசி. வயிறு தாழ்ந்து, இன்றோ நாளையோ என்று இருந்தது.

அந்த வருஷம் புரட்டாசி மழையை நம்பி எல்லோரும் சோளம் விதைத்தார்கள். ஐப்பசி முழுக்க வானம் ஏமாற்றிவிட்டது. முழங்கால் உயரப் பயிர் அப்படியே வாடி நின்றது. வாடிய இளஞ்சோளத்தில் நஞ்சு ஏறும். மாடு தின்றால் மூச்சு முட்டிச் சாகும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். கூடவே இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்கிறார்கள்: ஒரு மழை பெய்துவிட்டால் நஞ்சு கழுவிக்கொண்டு போய்விடும் என்று. அது தப்பு. நஞ்சு இலைமேல் படிந்திருப்பதில்லை, பயிரின் சாற்றுக்குள் இருக்கிறது. மழைக்குப் பின் விடும் புதுத் தளிரிலும் இருக்கும். வருஷா வருஷம் சொல்வோம். தலையாட்டுவார்கள்.

கார்த்திகையில் விடியவிடிய மழை கொட்டியது. காலையில் பேச்சியின் போன். "டாக்டரம்மா, சோளத்துல விட்டேன், மூணும் தள்ளாடுது. ஓடி வாங்க!"

டாக்டருக்குப் போன் போட்டேன். கயத்தாறு பக்கம் இருந்தார். ஜீப் எங்கள் ஊர் வரைதான் வரும், அதற்கப்புறம் நடக்க வேண்டும். "நீங்க முன்னால போங்க" என்றார். பக்கத்தில் மாடு இல்லாததால் என்னிடமே சொன்னார்.

இந்த நஞ்சுக்கு மருந்து ஹைப்போ உப்பு. அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்களில் படம் கழுவ வைத்திருப்பார்களே, அதேதான். ஊசிமருந்தாகவும் உப்பாகவும் சோளம் விதைத்ததிலிருந்து என் பையில் வைத்திருப்பேன். பையை முதுகில் கட்டிக்கொண்டு மிதித்தேன்.

கோடையில் வியர்ப்பதற்குள் போய்விடும் தூரம். அன்றைக்கு வண்டிப்பாதை முழுக்கக் களி. கொஞ்சம் மிதித்ததுமே கனத்தது. இறங்கிச் சுரண்டினேன். மறுபடி மிதித்தேன், மறுபடி சுரண்டினேன். பாதையை விட்டு, கருவை அடர்ந்த வரப்பில் ஏறினேன். முள்ளு நறநறவென்று மிதிபட்டது, டயர் தாங்கியது. வரப்பு முடிந்த இடத்தில் ஓடை, முழங்காலுக்கு மேல் தண்ணீர். பாருக்குள் தோளைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். மழையை, மண்ணை, பேச்சியை, சோளத்தை ஒருத்தரையும் விடவில்லை. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அக்கரை ஏறியதும் மேட்டு நிலம், சரளை. மிதித்துப் பறந்தேன்.

கருப்பி சோளத்துக்குள்ளேயே செத்துக் கிடந்தது. மயிலை நுரை தள்ளிக்கொண்டு, கால் நடுங்க நின்றது. வெள்ளச்சி பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தை நீட்டி மூச்சுக்குத் தவித்தது. பேச்சி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கொன்னுட்டேனே, நானே கொன்னுட்டேனே" என்று அரற்றினாள்.

வெள்ளச்சியின் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தேன். ஈறு ரத்தச் சிவப்பு; இந்த நஞ்சின் அடையாளம் அது. சந்தேகமே இல்லை, சோளம்தான். டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். சகதியில் நடந்துவந்துகொண்டிருந்தார், மூச்சு வாங்கியது. "ஸ்பீக்கர்ல போட்டு அவங்க காதுகிட்ட வைங்க" என்றார். பேச்சி போனை மாட்டின் காதில் வைத்தாள்.

"தாயி, பயப்படாதீங்க" என்றார் டாக்டர் வெள்ளச்சியிடம். "இப்ப மேடம் கழுத்து நரம்ப அமுக்குவாங்க. பொடைச்சு வரும். ஊசிய ஏத்துவாங்க. ரத்தம் வருதான்னு பாப்பாங்க. வந்திருச்சா? இனி மருந்த மெதுவா விடுவாங்க. அவசரமே பட மாட்டாங்க. இன்னும் மெதுவா."

நான் அவசரப்படுவது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. அந்தக் குரலைக் கேட்கக் கேட்க என் கை நிதானத்துக்கு வந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"அவங்க படுத்திருக்கதால வாய்வழியா ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. குடுத்தா நுரையீரலுக்குப் போயிரும். நிக்கவங்களுக்கு ஊசியும் போட்டு, உப்புத் தண்ணியும் புகட்டுவாங்க."

மயிலைக்கு அப்படியே செய்து, ஹைப்போவைத் தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாயில் புகட்டினேன். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருப்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி, அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. வெள்ளச்சியின் மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இரைப்பு தணிந்தது. காது அசைந்தது. பிறகு மாடு நெஞ்சைக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தது. டாக்டர் வந்து சேர்ந்தபோது, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, தொப்பலாக நனைந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். மற்றொன்று ஓடையோடு போயிருந்தது. அவர் கண்முன்னால்தான் வெள்ளச்சி எழுந்து நின்றது.

வயிற்றில் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வயிற்றருகே குனிந்து, "நீங்க உதைக்கீங்க, சந்தோஷம். நல்லபடியா வந்து சேருங்க" என்றார். எனக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

பேச்சி கருப்பியிடம் போய் உட்கார்ந்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதன் வாயில் இருந்த நுரையைக் கழுவினாள். முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.  மயிலையையும் வெள்ளச்சியையும் இன்னும் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு வருவதாக டாக்டர் சொன்னார். நான் பையையும் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஓடைக்கரையில் யாரோ என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனார்கள். பேச்சிதான். சைக்கிளைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"விடுட்டி, நான் தூக்கிக்கிடுதேன்."

"பேசாம வாங்க டாக்டரம்மா."

பாதி ஓடையில் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "நான் இன்னும் கொஞ்சம் முன்னால போன் போட்டிருந்தா கருப்பியும் பொழச்சிருக்கும்லா?"

"இல்ல பேச்சி. அது மேஞ்ச எடத்துலயே விழுந்துட்டு. நான் ரெக்க கட்டி வந்திருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது" என்றேன். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

 சைக்கிளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். களிப்பாதை முழுக்க அவளே சுமந்துவந்து, தார்ரோட்டில் இறக்கி வைத்தாள். சேலைத் தலைப்பால் சீட்டைத் துடைத்தாள்.

"வெள்ளச்சி கன்னு போடுதன்னிக்கும் மழையாத்தான் இருக்கும்" என்றாள். "இதுலயே வந்துருங்க."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகைதான் வந்தது.